அமெரிக்காவில் முதல் கைத்துப்பாக்கி: கடையில் எதைப் பார்த்து எடுப்பது

துப்பாக்கிக் கடையின் கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்கும் புதியவரின் கை முதலில் போவது, அங்கிருப்பதிலேயே சின்னத் துப்பாக்கியின் மேல்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிறது, கனம் இல்லை, பாக்கெட்டில் போட்டால் வெளியே தெரியாது. "இதுதான் இப்போ நல்லா போகுது" என்று கடைக்காரரும் சொல்வார். அது உண்மையும்கூட. ஆனால் கடையில் மனதைக் கவர்ந்த அந்தக் குணங்கள் எல்லாம் ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்கு, போனதும் எதிராகத் திரும்பும். கனம் குறைந்த துப்பாக்கி அதிகமாக உதைக்கும். பிடி குட்டையானால் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது. குழல் சிறியதானால், குறிபார்க்க மேலே பொருத்தியிருக்கும் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே தூரம் குறையும். கை இம்மி அசைந்தாலும் குண்டு விலகிப் போகும். இரண்டு பெட்டித் தோட்டா சுட்டுவிட்டு, கை வலிக்கிறது என்று பூட்டி வைக்கப்பட்ட சின்னத் துப்பாக்கிகள் ஏராளம். பழகாத துப்பாக்கி வீட்டில் இருப்பது ஆபத்து. அதனால்தான் முதல் துப்பாக்கி நடுத்தர அளவில் இருக்கட்டும் என்று அழுத்திச் சொல்கிறோம்.

கனம் என்ன செய்யும் என்பதை ஒரே தோட்டாவை வைத்துப் பார்க்கலாம். 9 எம்எம் தோட்டாவில் சாதாரணமாகக் கிடைக்கும் குண்டின் எடை 115 கிரெய்ன், அதாவது சுமார் 7.5 கிராம். அதே தோட்டாவை ஒரு கிலோ எடையுள்ள சிஇசட் 75-இல் சுட்டால் கையை மெல்லத் தள்ளும். காலி மேகசினோடு (தோட்டா நிரப்பிப் பிடிக்குள் செருகும் பெட்டி) 670 கிராம் வரும் கிளாக் 19-இல் சுட்டால் பளிச்சென்று ஓர் உதை. 500 கிராம் அளவேயுள்ள சிக் பி365-இல் சுட்டால் துப்பாக்கியின் மூக்கு மேலே துள்ளும்; அடுத்த குண்டுக்கு அதைத் திரும்பக் குறிக்குக் கொண்டுவர நேரம் பிடிக்கும். தோட்டா தரும் தள்ளு மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அதை வாங்கிக்கொள்ளும் எடைதான் வேறு.

முதலில் காகிதம்

கடைக்குப் போவதற்கு முன்பே சட்டத்தைச் சரிபார்த்துவிடுங்கள். ஹெச்1பி, எஃப்1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வாங்கக்கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். கணவருக்கு கிரீன் கார்டு, மனைவி வேறு விசா என்ற நிலை இருந்தால், வீட்டில் துப்பாக்கிப் பெட்டியின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதே சட்டப் பிரச்சினை ஆகலாம். குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுவது நல்லது.

உரிமம் பெற்ற டீலரிடம் கைத்துப்பாக்கி வாங்க கூட்டாட்சி விதிப்படி 21 வயது ஆகியிருக்க வேண்டும். கடையில் 4473 என்ற படிவத்தை நீங்களே நிரப்ப வேண்டும். அடையாள அட்டையில் பழைய முகவரி இருந்தால் அங்கேயே வேலை நின்றுவிடலாம். வீடு மாறியவர்கள் முதலில் அட்டையை மாற்றிக்கொள்ளுங்கள். கஞ்சா பற்றிய கேள்விக்கு மாநிலச் சட்டத்தை நினைத்துப் பதில் எழுதிவிடாதீர்கள். மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. வாங்கத் தகுதியில்லாத நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கித் தருவது கடுங்குற்றம்.

கைத்துப்பாக்கியைப் பொறுத்தவரை நீங்கள் வசிக்கும் மாநிலத்தில்தான் கைக்கு வரும். வேறு மாநிலக் கடையில் பிடித்திருந்தால், அவர்கள் உங்கள் மாநில டீலருக்கு அனுப்பி வைப்பார்கள். இதற்கு மேல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித் தனி விதி. கலிபோர்னியாவில் பத்து நாள் காத்திருக்க வேண்டும். அரசின் பட்டியலில் உள்ள மாடல்களைத்தான் டீலர் விற்க முடியும். நியூ ஜெர்சியில் வாங்குவதற்கே தனி அனுமதிச் சீட்டு வேண்டும். நியூயார்க்கில் உரிமம் கையில் வந்த பிறகுதான் துப்பாக்கி. இந்த மூன்று மாநிலங்களிலும் மேகசினில் பத்து தோட்டாவுக்கு மேல் கூடாது. பதினைந்து தோட்டா பிடிக்கும் என்று விளம்பரத்தில் பார்த்த மாடல் அங்கே பத்தோடுதான் வரும்.

கையில் எடுத்துப் பார்ப்பது

கடைக்காரர் நீட்டும் துப்பாக்கியைக் கையில் வாங்குவதற்கு முன் ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை, பின்னால் இழுத்துத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வாங்கியதும் நீங்களும் சேம்பரை, அதாவது குழலில் தோட்டா உட்காரும் இடத்தை, பாருங்கள், வெளிச்சம் போதாவிட்டால் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். இதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். செய்யாமல் விட்டால்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். விரல் டிரிகருக்கு வெளியே, குழல் ஆளில்லாத பக்கம்.

இனி, பிடி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை, பிடியின் பின்புற வளைவுக்குள் எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே போய் ஒட்ட வேண்டும். கை கீழே இறங்கினால் குழல் கைக்கு மேலே உயர்ந்து நிற்கும், உதை கூடும். பிறகு மேலிருந்து பாருங்கள்: குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா? அப்படி வைத்துக்கொண்டே ஆள்காட்டி விரலை டிரிகர் மேல் வையுங்கள். விரல் நுனிச் சதையின் நடுப்பகுதி டிரிகரில் பட வேண்டும். எட்டவில்லை என்று கையைச் சுழற்றிப் பிடிக்க வேண்டியிருந்தால் அந்தத் துப்பாக்கி உங்களுக்குப் பெரிது. உதை நேராக உள்ளங்கையில் விழாமல் கட்டைவிரல் மூட்டில் விழும், நூறு தோட்டாவுக்குள் அங்கே கன்றிப் போகும். முதல் மூட்டுவரை விரல் உள்ளே போனால் பிடி உங்களுக்குச் சிறிது. வலக்கைக்காரர் சுடும் குண்டு பக்கவாட்டில் இழுபடும். இப்போது வரும் பல மாடல்களில் பிடியின் பின்தகட்டைக் கழற்றி வேறு அளவு மாட்டலாம். பெட்டியில் கூடவே வரும் தகடுகளை அங்கேயே மாட்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது கண்ணை மூடிப் பார்க்கும் சோதனை. கடைக்காரர் காட்டும் பாதுகாப்பான திசையில், சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடி, துப்பாக்கியை இயல்பாக அந்தப் புள்ளிக்கு நீட்டி, பிறகு கண்ணைத் திறங்கள். முன் குறி பின் குறியின் பள்ளத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கிறதா, கீழே அமிழ்ந்திருக்கிறதா? பிடியின் சாய்வு துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். 1911 என்ற பழைய மாடலுக்குப் பழகிய கையில் கிளாக்கைக் கொடுத்தால் மூக்கு மேலே தூக்கும். பழகினால் சரியாகிவிடும்தான். ஆனால் இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவே மனம் ஊசலாடும்போது இந்தச் சோதனை முடிவு சொல்லிவிடும்.

ஸ்லைடை இழுக்க முடியவில்லை என்று பலர், குறிப்பாகப் பெண்களும் வயதானவர்களும், பிஸ்டலை விட்டுவிட்டு, சுழலும் உருளையில் தோட்டா போடும் ரிவால்வருக்குப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் குறை பலத்தில் இல்லை, முறையில்தான். துப்பாக்கியை நெஞ்சுக்கு அருகில் கொண்டுவந்து, இடக்கையால் ஸ்லைடின் பின்பக்கத்தை மேலிருந்து முழுக் கையால் கவ்வி, அதை அசையாமல் வைத்துக்கொண்டு வலக்கையால் பிடியை முன்னால் தள்ள வேண்டும். ஒரு கையை மட்டும் நம்பாமல் இரண்டு கைகளும் எதிரெதிராக வேலை செய்யும். அப்போதும் முடியாதவர்களுக்கு ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்டு இஇசட் வரிசை இருக்கிறது. ஸ்லைடு லேசாக இழுபடுவதற்கென்றே வடிவமைத்தது, .380, 9 எம்எம் என்ற இரண்டு தோட்டா அளவுகளிலும் கிடைக்கும்.

விற்பனையில் முன்னால் நிற்பவை

கிளாக் 19-ஐ அழகுக்காக யாரும் வாங்குவதில்லை. ஆஸ்திரிய ராணுவம் 1982-இல் ஏற்றுக்கொண்ட கிளாக் 17-இன் சற்றுச் சிறிய தம்பி இது, 1988-இல் வந்தது. குழல் 102 மி.மீ., மேகசினில் 15 தோட்டா. இடுப்பில் வைத்துக்கொள்ளவும் முடியும், இரண்டு கையாலும் முழுதாகப் பிடிக்கவும் முடியும் என்ற அளவு அது. ஒவ்வொரு முறையும் டிரிகர் ஒரே மாதிரி, சுமார் இரண்டரைக் கிலோ அழுத்தத்தில் இழுபடும். தனியாக நகர்த்த வேண்டிய சேஃப்டி (பாதுகாப்புப் பூட்டு) கிடையாது. பிளாஸ்டிக் ஃபிரேமில் துரு ஏறாது. இதையெல்லாம்விட அது எங்கும் இருப்பதுதான் பெரிய ஈர்ப்பு. எந்த ஊர்க் கடையிலும் அதற்கான உறை, மேகசின், உதிரிப் பாகம் கிடைக்கும். கிளாக் 17-இன் மேகசின் 19-இல் வேலை செய்யும், அடியில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். 19-இன் மேகசின் 17-க்கு எட்டாது. வீட்டில் இரண்டும் இருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சாதாரண மாடலில் வரும் குறிகள் பிளாஸ்டிக். உறையில் உரசித் தேயும், மாற்றிவிடுவது நல்லது. சேஃப்டி இல்லாததால் டிரிகர் வளையத்தை முழுதாக மூடும் கெட்டியான உறை இல்லாமல் இடுப்பில் வைக்கவே கூடாது. சட்டை நுனியோ உறையின் தொளதொளத்த விளிம்போ உள்ளே சிக்கினால் டிரிகருக்கு அது விரலேதான். மூன்றாவதுதான் முக்கியம்: கழற்றிச் சுத்தம் செய்யும்போது டிரிகரை அழுத்தியே ஆக வேண்டும். முதலில் மேகசினை வெளியே எடுங்கள். அதன் பிறகு ஸ்லைடை இழுத்து சேம்பரில் இருப்பதை வெளியே தள்ளுங்கள். இந்த வரிசை மாறினால், ஸ்லைடை இழுத்து ஒரு தோட்டாவை வெளியேற்றிய கையோடு, மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறி உட்கார்ந்துவிடும். அப்புறம் மேகசினை எடுத்துவிட்டு காலி என்று நம்பி டிரிகரை அழுத்துவார்கள். வீட்டுக்குள் நடக்கும் விபத்துகள் பல இப்படித்தான். சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வந்து, பாதுகாப்பான திசையில் பிடித்து டிரிகரை அழுத்துங்கள். பிறகு ஸ்லைடை மூன்று நான்கு மி.மீ. மட்டும் பின்னால் இழுத்து, இரு பக்கமும் உள்ள சின்னப் பூட்டைக் கீழே இழுத்தால் ஸ்லைடு முன்னால் கழன்று வரும். அதிகமாக இழுத்துவிட்டால் டிரிகர் மறுபடி முன்னால் வந்துவிடும். முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சிக் பி365 வந்தது 2018-இல். அதுவரை அந்த அளவுத் துப்பாக்கிகளில் ஆறு, ஏழு தோட்டாதான் பிடிக்கும். இது ஓர் அங்குலம் சொச்சம் தடிமனுக்குள் பத்து தோட்டாவை அடக்கியது. சந்தையே அதன் பின்னால் திரும்பியது. அடுத்த ஆண்டே ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் பதினொன்றோடு வந்தது, ஸ்மித் அண்ட் வெஸன் 2021-இல் ஷீல்டு பிளஸ்ஸைக் கொண்டுவந்தது. இடுப்பில் மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் உள்ளவர்களுக்கு இவை நல்ல துப்பாக்கிகள். இந்த வரிசையில்தான் முதல் துப்பாக்கி வேண்டும் என்றால் பி365 எக்ஸ்எல்-ஐப் பாருங்கள். பிடி நீளம், சுண்டுவிரலுக்கும் இடம் உண்டு, பன்னிரண்டு தோட்டா. அந்தக் கொஞ்ச நீளம் கையில் பெரிய வித்தியாசம்.

சிஇசட் 75-ஐ விரும்புபவர்கள் அதை விடவே மாட்டார்கள். 1975-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்தது. பெரும்பாலான பிஸ்டல்களில் ஸ்லைடு ஃபிரேமுக்கு வெளியே ஓடும். இதில் ஃபிரேமுக்கு உள்ளே ஓடுகிறது. அதனால் குழல் கைக்கு நெருக்கமாக, தாழ்வாக உட்காரும். எஃகு எடையும் சேர்ந்து உதை மென்மையாகிவிடும். அதே காரணத்தால் ஸ்லைடில் விரல் பிடிக்க இடம் குறைவு. வியர்த்த கை வழுக்கும்.

1911-க்கு ஆசைப்படுவதில் வரலாறும் கலந்திருக்கிறது. ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. அமெரிக்க ராணுவத்தில் 1985-இல் பெரெட்டா எம்9 வரும்வரை அதுதான் நிலையான பிஸ்டல். டிரிகர் சுழலாமல் நேராகப் பின்னால் நகரும், மெல்லிய பிடி, மிகத் துல்லியம். ஆனால் .45 தோட்டா ஏழு, எடை 1.1 கிலோ, சுத்தியல் பின்னுக்கு இழுத்த நிலையில் சேஃப்டி போட்டு எடுத்துச் செல்லும் முறை, மேகசின் சரியாக இல்லாவிட்டால் சிக்கும் குணம். முதல் துப்பாக்கியாக வேண்டாம், இரண்டாவதாக இருக்கட்டும்.

ரிவால்வர் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "சிக்கலே இல்லாதது, அம்மாவுக்கு இதைக் கொடுங்கள்" என்று ஸ்மித் அண்ட் வெஸன் 642 போன்ற ஐந்து தோட்டா ரிவால்வரை எடுத்து நீட்டுவார்கள். இயக்க எளிது, உண்மை. சுடுவதற்கு அது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அலுமினிய ஃபிரேம், எடை 400 கிராம் சொச்சம்; .38 தோட்டாவின் உதை அப்படியே உள்ளங்கை எலும்பில் இறங்கும். டிரிகரை இழுக்க 5 கிலோவுக்கு மேல் அழுத்தம் வேண்டும்; அந்த நீண்ட இழுப்பில் துப்பாக்கி கையிலேயே திரும்பிவிடும். நன்றாகப் பழகியவரின் ஆயுதம் அது.

யார் கேட்டாலும் தயங்காமல் சொல்லக்கூடியது, .22 என்ற சின்னத் தோட்டாவைச் சுடும் ஒரு பிஸ்டல். ரூகர் மார்க் 4 ஒரு பொத்தானை அழுத்தினால் திறந்துகொள்ளும்; டாரஸ் டிஎக்ஸ்22 பெரிய 9 எம்எம் பிடி போலவே இருக்கும், 16 தோட்டா. உதையே இல்லை, தோட்டா மலிவு. முதல் ஐந்நூறு தோட்டாவை இதில் சுட்டவர்கள் 9 எம்எம்-க்குப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு டிரிகரை அழுத்தும் பழக்கம் இல்லாமல் போவார்கள்.

பழையது வாங்கினால்

பிஸ்டல் என்றால் கடைக்காரரின் அனுமதியோடு கழற்றிப் பாருங்கள். ஸ்லைடு ஓடும் தடங்களில் பளபளப்பு இருக்கலாம், பிசிறு இருக்கக்கூடாது. குழலின் வாய் விளிம்பில் வெட்டோ நசுங்கலோ இருந்தால் குண்டு ஒழுங்காகப் போகாது. சுருள்வில் தளர்ந்ததா என்று பார்க்க, காலித் துப்பாக்கியை மேல்நோக்கிப் பிடித்து டிரிகரை அழுத்தியபடியே ஸ்லைடைப் பின்னால் இழுத்து, மெல்ல முன்னால் விடுங்கள்; முழுதாக மூடாமல் பாதியில் நின்றால் வில் மாற்ற வேண்டும். மேகசினின் மேல் உதடுகள் விரிந்திருந்தால் அதுவே பாதிக் கோளாறுக்குக் காரணம். இருட்டில் ஒளிரும் குறிகள் என்று கூடுதல் விலை கேட்டால் தயாரிப்பு ஆண்டைக் கேளுங்கள்: அவற்றிலுள்ள டிரிட்டியம் 12 ஆண்டுகளில் பாதி வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

சுத்தியல் வெளியே தெரியும் ரிவால்வர் என்றால் அதைக் கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். சுத்தியல் பின்னால் போய் நிற்பதற்குள் தோட்டா உருளை கிளிக் என்று பூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு உருளையை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் வேண்டாம்.

முதல் இருநூறு தோட்டா

எந்தத் துப்பாக்கியையும் இருநூறு தோட்டா கோளாறில்லாமல் சுடும்வரை நம்பாதீர்கள். பாதுகாப்புக்கு வைக்கப்போவது முனை குழிந்த குண்டு என்றால் அதிலும் ஒன்றிரண்டு பெட்டி சுட்டுப் பாருங்கள். முனை உருண்ட பயிற்சித் தோட்டாவை நன்றாக ஏற்றும் துப்பாக்கி, இதை ஏற்றும்போது மட்டும் சிக்கலாம்.

வரும் கோளாறுகளில் பாதி துப்பாக்கியுடையது அல்ல. காலித் தோட்டாக் கூடு வெளியே வந்து விழாமல் புகைபோக்கி மாதிரி மேலே செருகி நின்றால், மணிக்கட்டு தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கை பின்னால் போகப் போக ஸ்லைடுக்குத் தள்ள எதுவும் இல்லாமல் பாதி தூரத்தில் திரும்பிவிடுகிறது. சின்னத் துப்பாக்கிகளில் இது அதிகம். கடைசித் தோட்டா தீர்ந்த பிறகும் ஸ்லைடு திறந்து நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் வலக் கட்டைவிரல் அதன் நிறுத்தியை அழுத்திக்கொண்டிருக்கும். வலக்கைக்காரரின் குண்டுகள் இடப்பக்கக் கீழ் மூலையில் கூடினால் துப்பாக்கியின் குறிகளைத் திருகாதீர்கள். உதை வரப்போகிறது என்று கை முன்கூட்டியே கீழே அழுத்துகிறது. நண்பரிடம் மேகசினைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் இரண்டு மூன்று பொம்மைத் தோட்டாக்களைக் கலந்து நிரப்பித் தரச் சொல்லுங்கள். வெடிக்காத தோட்டாவில் துப்பாக்கியின் மூக்கு கீழே குனிவதை நீங்களே பார்ப்பீர்கள். அதைப் பார்த்த பிறகுதான் திருத்தம் தொடங்கும்.

துப்பாக்கி வாங்கும் அன்றே பூட்டுப் பெட்டியும் வாங்கிவிடுங்கள். அலமாரியின் மேல்தட்டுக்குப் பிள்ளைகளின் கை எட்டாது என்று நினைக்காதீர்கள். நாற்காலி போட்டு ஏறுவார்கள். தோட்டாக்கள் வேறு பூட்டில் இருக்கட்டும்.

ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். தையல் மடிப்புக்குள் ஒரே ஒரு தோட்டா உருண்டு போய்க் கிடந்து, அந்தப் பையோடு ஊருக்குக் கிளம்பினால், சென்னை விமான நிலைய ஸ்கேனரில் அது தெரியும். ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். பெட்டி கட்டும்போது பையின் ஒவ்வொரு அறையையும் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள்.